படகுக் காருக்கு இருநூற்றைம்பது ரூபாய்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
6-10-1963

மதிப்பிற்குரிய டிரைவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்களை எனக்கு நேற்று மாலை நாலு மணியிலிருந்து தெரியும். எங்கள் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் ரெக்ஸின் துணியில் சுற்றி ஒரு நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் புதுப்பேட்டை விலாசமும். அதற்குக் கீழே, 'இந்த நோட்டை எடுப்பவர் கை கழுவிவிட்டு எடுக்கவும்.' நான் கை கழுவிவிட்டுத்தான் படித்தேன். எண்ணெய் மாற்றிய தேதிகளைக்கூட விடாமல் படித்தேன்.

'எங்கள் கார்' என்று எழுதும்போதே எனக்குப் படபடப்பாக இருக்கிறது. அப்பா (பெயர் கலியாணசுந்தரம்) பட்டு நெசவாளர். எங்களுக்கு ஒரே ஒரு தறிதான். இரண்டாவது தறி போட 1,550 ரூபாய் சேர்த்து வைத்திருந்தோம். போன மாதம் நான் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, 'திறந்த மாடல் அமெரிக்கக் கார், நல்ல நிலையில், ஏலம்' என்று ஒரு விளம்பரம் வந்தது. அப்பா தறியில் நாடா ஓட்டுவதை நிறுத்திவிட்டு, "இன்னொரு தபா படிமா" என்றார். கல்யாணப் பட்டு எடுக்க எங்கெங்கிருந்தோ இந்த ஊருக்கு வருகிறார்கள். ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டுமென்றால் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அப்பா ஏலத்துக்குப் போனார். திரும்பி வரும்போது 1,300 ரூபாய் குறைந்திருந்தது, பச்சை நிறத்தில் ஒரு படகுக் கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

அம்மா அன்றிலிருந்து அப்பாவோடு நேரே பேசுவதில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது" என்று என் வழியாகத்தான் பேசுகிறாள். விளம்பரத்தைப் படித்தது நான் என்பதால் எனக்கும் அடி விழாத குறை.

மீதி இருப்பது 250 ரூபாய். வண்டி புகை விடுகிறது, கிளப்பினால் இருமுகிறது. மீட்டரில் 12,406 மைல்தான் ஓடியிருப்பதாகக் காட்டுகிறது. அதனால் 250 ரூபாயே அதிகம் என்று நினைக்கிறேன். மீதம் வந்தால் ஒரு அகராதி வாங்கலாமா என்றும் யோசனை. எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
க. ஏலவார்குழலி,
பத்தாம் வகுப்பு

*

புதுப்பேட்டை,
சென்னை-2.
12-10-1963

பாப்பாவுக்கு,

உன் பேர் தபால் கார்டை விட நீளம். குழலி என்று எழுதுகிறேன்.

பதினாலு வருஷம் ஓட்டினேன். முதலாளி ஐயா காலமான பதினாறாம் நாள், அவர் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு சாவியை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள். வண்டி எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. நெசவுக்காரர் வீட்டில் நிற்கிறது என்று உன் கடிதத்தில்தான் பார்க்கிறேன். சந்தோஷமா வருத்தமா என்று கேட்காதே.

சாவி வைத்த அன்று மீட்டர் 12,361. உங்கள் ஊருக்கு நாற்பத்தைந்து மைல். 12,406 சரி. நடுவில் எவனும் எடுத்து ஊர் சுற்றவில்லை. அதுவரை நல்லது.

ஆனால் அம்மா, அந்த மீட்டரில் ஐந்து எண்தான் உண்டு. இது ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றில் வந்த 12,406. 1961-ல் ஊட்டியிலிருந்து இறங்கும்போது, பர்லியார் பக்கத்தில், ஐந்து ஒன்பதும் ஒரே நேரத்தில் பூஜ்யமானதை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி நானும் ஐயாவும் பார்த்தோம். ஐயா எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். ஆக, வண்டி ஓடியது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல். அகராதியை மறந்துவிடு.

கேட்டாய், எழுதுகிறேன். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சாமான் விலைதான். டயர் நாலு 240. ஷாக் அப்சார்பர் 80. பிஸ்டன் ரிங் போட்டு இன்ஜின் வேலை 190. கிளட்ச் பிளேட் 65. நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங் 48. பாட்டரி 95. ரேடியேட்டர் பிரித்து அடைப்பு எடுத்து ஈயம் வைக்க 18. ஹோஸ், ஃபேன் பெல்ட் 16. மேல் கூடாரத் துணி 120. ஆயில், கிரீஸ் 22. மொத்தம் 894.

உங்களால் முடியாது. பெரிய வண்டிக்குப் பெரிய வாய். பேசாமல் விற்றுவிடுங்கள்.

இடது பின்கதவை அறைந்து சாத்தாதே. கொஞ்சம் தூக்கிச் சாத்து.

ரா. அப்பாதுரை

*

காஞ்சிபுரம்.
20-10-1963

மதிப்பிற்குரிய அப்பாதுரை ஐயா அவர்களுக்கு,

கதவைத் தூக்கிச் சாத்தினேன். சத்தமே இல்லை! நன்றி.

உங்கள் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். ஒரு லட்சம் என்ற இடத்தில் அப்பா தறியை விட்டு எழுந்துவிட்டார். 894 என்ற இடத்தில் அம்மா என்னைப் பார்த்து, ஆனால் அப்பாவுக்காக, "தறிக்கு வச்சிருந்த துட்டுல கப்பலை வாங்கிக்கினு வந்தாச்சு. இப்ப கப்பலுக்குத் தீனி போட இன்னொரு தறியை விக்கணுமா? தை முடியறதுக்குள்ள இது ஒரு தபா சம்பாதிச்சுக் காட்டட்டும். இல்லாட்டி காயலாங்கடைதான்" என்றாள். விசாரித்துக்கூட வைத்திருக்கிறாள். எடை போட்டு 400 ரூபாய் தருவார்களாம். அதோடு 250-ஐச் சேர்த்தால் பாதித் தறிதான் வரும்.

அப்பா உங்கள் பட்டியலில் பிரேக்கைக் காட்டி, "நாப்பத்தெட்டு ரூபாயா? தேருக்கு முட்டுக்கட்டை போடறவங்க நம்ம தெருவுலயே இருக்காங்கபா. சக்கரத்துக்கு ஒருத்தரை நடக்க வுட்டாப் போச்சு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை.

ஐயா, நான் ஒன்று கவனித்தேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். போன வெள்ளிக்கிழமை எங்கள் தெரு வழியாக ஒரு மாப்பிள்ளை அழைப்பு போயிற்று, சென்னையிலிருந்து வந்த காரில். நான் பள்ளிக்கூடப் பையோடு கூடவே நடந்து போனேன். நாலு ராஜவீதியும் சுற்றி வந்த தூரம் இரண்டு மைலுக்கும் குறைவு. ஆன நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். நாதஸ்வரக்காரர் எவ்வளவு வேகம் நடக்கிறாரோ அவ்வளவுதான் காரின் வேகம். மூலைக்கு மூலை அவர் நின்று வாசிக்கிறார், காரும் நிற்கிறது. மேற்கு ராஜவீதி மூலையில் கார் கொதித்து ஆவி விட்டது. குடத்தில் தண்ணீர் கொண்டுவர ஆட்கள் ஓடினார்கள்.

உங்கள் பட்டியல் ஊட்டிக்குப் போகும் காருக்கானது. எங்கள் கார் ஊட்டிக்குப் போகாது. அது நடக்கப் போகிறது! நடக்கிற காருக்கு டயர் தேய்ந்திருந்தால் என்ன? குலுங்கப் போவதில்லை, ஆகவே ஷாக் அப்சார்பர் வேண்டாம். திறந்தே போவதால் கூடாரத் துணி வேண்டாம். மேடு ஏறப் போவதில்லை, ஆகவே பிஸ்டன் ரிங் வேண்டாம். இவற்றைக் கழித்தால் 264 வருகிறது. பதினாலு ரூபாய்தான் குறைகிறது! இதைக் கண்டுபிடித்தபோது நான் எழுந்து குதித்தேன், விளக்கு அணைந்து திட்டு வாங்கினேன்.

இன்னொரு செய்தி. ஏனாத்தூரிலிருந்து ஒருவர் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தை 16-ஆம் தேதி அவர் தம்பிக்கு மாப்பிள்ளை அழைப்பு. எழுபத்தைந்து ரூபாய் பேசி, வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்திருக்கிறார். வெற்றிலை வாங்கியாகிவிட்டது, இனி இல்லையென்று சொல்ல முடியாது.

என் கணக்கு சரியா?

அன்புள்ள,
ஏலவார்குழலி

*

சென்னை-2.
3-11-1963

குழலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் கோபமாக இருந்தேன். ஐந்தாம் நாள் மவுண்ட் ரோடில் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷமாக, ஓடுகிற வண்டிக்கு என்ன வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறேன். நிற்கிற வண்டிக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததில்லை. உன் கணக்கு சரி.

சரி என்றாலும் முழுக்க சரியில்லை. மெல்லப் போவதுதான் வண்டிக்குக் கஷ்டம். காற்று முகத்தில் அடிக்காது, ஆகவே கொதிக்கும். கால் கிளட்சை விட்டு எடுக்க முடியாது, ஆகவே பிளேட் எரியும். ரேடியேட்டர், பெல்ட், கிளட்ச், பிரேக் நாலிலும் ஒரு நயா பைசா குறைக்காதே. முட்டுக்கட்டை என்று உன் அப்பா இன்னொரு தடவை சொன்னால் நான் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

பாட்டரியை முழுதாக மாற்ற வேண்டாம். உள்ளே பிளேட் மட்டும் மாற்றினால் 55. நாற்பது ரூபாய் மிச்சம். இப்போது உன் கணக்கு 224. மீதி 26-ல் பெட்ரோல் போடு. சாமான்களை நானே பொறுக்கி, உங்கள் ஊருக்கு வரும் லாரியில் அனுப்புகிறேன்.

ரிங் போடாவிட்டால் புகை வரும். பின்னால் நடக்கும் பெண்பிள்ளைகள் இருமுவார்கள். அதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறாய்?

சீட்டுக்கு என்ன விரிக்கப் போகிறீர்கள் என்று எழுது. பட்டு என்று சொல்லாதே. பட்டு விரித்தால் பிரேக் போட்டதும் மாப்பிள்ளை வழுக்கிக் கீழே வருவான்.

அப்பாதுரை

*

(தபால் கார்டு)
காஞ்சிபுரம். 12-12-1963

ஐயா, சாமான்கள் வந்தன. லாரி டிரைவர் ஆதிகேசவன் பிரேக்கும் ரேடியேட்டரும் முடித்துவிட்டார். கிளட்ச் பாதியில் இருக்கிறது. புகைக்கு அப்பா சொன்ன வழி: "பின்னாடி ரெண்டு பேரு சாம்பிராணி போட்டுக்கினு வரட்டும். எது காரு புகை, எது சாமி புகைன்னு எவனுக்குத் தெரியும்?" இந்த வாரம் வீட்டில் யாருக்கும் கை ஓயவில்லை. அச்சில் இரண்டு பல் போய்விட்டது. புதிது வாங்கப் பணமில்லை என்று அப்பா அதையே சரிக்கட்டிவிட்டார். இப்போது அம்மாவும் நானும் அச்சுப் பிணைக்கிறோம். வெறும் நூல்தான், ஆனால் கெட்டியாக நிற்கும். திங்கட்கிழமை ஓட்ட ஆரம்பித்துவிடுவோம். கார்டில் இடமில்லை. - குழலி

*

சென்னை-2.
14-12-1963

குழலி,

கார்டு இப்போதுதான் கிடைத்தது.

அச்சில் பல் போனதை நூலால் பிணைக்கிறீர்களா? யார் சொன்ன வைத்தியம் இது? அந்த ஆதிகேசவன் மனிதனா? அச்சு முறிந்தால் சக்கரம் தனியே போகும். ஜனக் கூட்டத்துக்கு நடுவில் போகும். வண்டி போனால் போகட்டும். உள்ளே உட்காருகிறவன் நாளைக்குத் தாலி கட்டப் போகிறவன். பக்கத்தில் நடந்து வருவது நீ.

கடை கடையாக ஏறி ஒரு அச்சு பிடித்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் முந்துமா, நான் முந்துவேனா தெரியாது. எது முந்தினாலும் வண்டியைத் தொடாதே.

அப்பாதுரை

*

காஞ்சிபுரம்.
17-12-1963

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நீங்கள்தான் முந்தினீர்கள். உங்கள் கடிதம் நேற்று வந்தது. நீங்கள் பாதியிலேயே போய்விட்டதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையோடு, தோளில் ஒரு கோணி மூட்டையோடு வந்தீர்கள். யாரையும் கேட்கவில்லை. நேரே கார் நின்ற கொட்டகைக்குப் போய்த் தரையில் படுத்துக் காருக்கு அடியில் நுழைந்துவிட்டீர்கள். நாங்கள் பார்த்தபோது இரண்டு பாதம்தான் தெரிந்தது.

"யாருபா அது, வண்டிக்கு அடியில?" என்றார் அப்பா.

"அச்சு எங்கய்யா? எதய்யா நூலுல கட்டுன?"

"அச்சா? அது தறியில இருக்குதுபா."

"வண்டி அச்சைத் தறியில ஏன்யா வச்ச!"

அப்பா உங்களை உள்ளே அழைத்து வந்து காட்டினார். எங்களுக்கு அச்சு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் நுழைந்து வரும் நீளச் சீப்பு. அதற்கும் பல் உண்டு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய இழை நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதுதான் அச்சுப் பிணைப்பது. காரை மட்டுமல்ல, தறியையும் நாங்கள் ஓட்டுகிறோம் என்றுதான் சொல்வோம். இழை வழுக்காமலிருக்க விரலில் தொட்ட சாம்பலோடு அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தீர்கள். அப்போதுதான் எதிர்வீட்டு அங்கம்மாள் அக்கா, "ஐயோ, தறிக்கு இரும்பு அச்சு எடுத்தாந்துட்டாருமா!" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் மூட்டையைக் கீழே வைத்தீர்கள். "வரேன்" என்றீர்கள். கூப்பிடக் கூப்பிடப் போய்விட்டீர்கள்.

நேற்று உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். 'பக்கத்தில் நடந்து வருவது நீ' என்ற இடத்துக்கு வந்ததும் அங்கம்மாள் அக்கா எழுந்து போய்விட்டார். அம்மா இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக அப்பாவை நேரே பார்த்து, "ஏங்க, அந்த மனுசன் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாரே" என்றாள்.

தப்பு என்னுடையது. எந்த அச்சு என்று எழுதியிருக்க வேண்டும். நீங்கள் கொண்டுவந்த அச்சுக்கு என்ன விலை என்று எழுதுங்கள். கணக்கில் சேர்க்கிறேன்.

ஏலவார்குழலி

*

காஞ்சிபுரம்.
16-1-1964

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே பிடித்துக் கேட்கிறேன். அவர் இப்போது என்னைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார்.

கார் முழுக்கத் தயார்! பொங்கலன்று தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தோம். நேற்று ஆதிகேசவன் இரண்டு மைல் ஓட்டிப் பார்த்தார். அவர் லாரிக்காரர். மெல்லப் போகச் சொன்னால் நிறுத்திவிடுகிறார், போகச் சொன்னால் பறக்கிறார். கச்சபேசுவரர் கோயில் அருகே கிளட்சில் கருகிய வாடை வந்தது. இறங்கி, "இந்தக் கால்வலி நம்மளால ஆகாதுமா. ஏரோட்டறவன கூப்புடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

இன்னும் பதின்மூன்று நாள். 224 ரூபாய்ச் சாமானும் சரியாக இருக்கிறது. ஆள்தான் இல்லை. டிரைவருக்கு என்று என் கணக்கில் ஒரு வரியே போடவில்லை. அது என் இரண்டாவது தப்பு. காயலாங்கடைக்காரர் நேற்றும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நாங்கள் சிரித்ததற்கு மன்னித்துவிட்டு வாருங்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் கேட்கிறேன்.

குழலி

*

சென்னை-2.
20-1-1964

குழலிக்கு,

சிரித்ததற்கு நான் கோபப்படவில்லை. வெட்கமாக இருந்தது. பதினாலு வருஷம் ஓட்டிய அந்த வண்டிக்கு அடியில் மறுபடி படுத்தேன். எல்லாம் சுத்தமாக, கிரீஸ் போட்டு, நான் வைத்திருந்ததை விட நன்றாக இருந்தது. என்னால் ஒரு வேலையும் இல்லை என்று தோன்றியது. அதனால்தான் நிற்கவில்லை.

அச்சுக்கு விலை கேட்காதே.

29-ந் தேதி காலை வருகிறேன். ஒன்று, சீட்டில் ஜமக்காளம். இரண்டு, யாரும் பானெட்டில் உட்காரக் கூடாது, மாப்பிள்ளையின் அப்பனாக இருந்தாலும் சரி. மூன்று, நாதஸ்வரக்காரரை ஐந்து நிமிஷம் என்னோடு பேச வை. அவர் நிற்கப் போவது எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

காக்கிச் சட்டை இருக்கிறது. தொளதொளவென்று இருக்கும், பரவாயில்லை.

அப்பாதுரை

*

காஞ்சிபுரம்.
31-1-1964

அன்புள்ள அப்பாதுரை ஐயா அவர்களுக்கு,

நீங்கள் ஸ்டியரிங்கையும் நாதஸ்வரக்காரரின் முதுகையும்தான் பார்த்தீர்கள். மீதி எல்லாவற்றையும் நான் பார்த்தேன். ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் காரைக் கிளப்பியபோது அது இருமவில்லை. தெருவே 'ஓ' என்றது. ஏனாத்தூர் மாப்பிள்ளை ஜமக்காளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், ஒரு அங்குலம்கூட நகரவில்லை. வாசிக்கிறவர் நிறுத்தப் போகிறபோது இடது தோளை ஒரு தடவை தூக்கினார். அதுதானே நீங்கள் இருவரும் பேசி வைத்த அடையாளம்? அவர் தோள் ஏறும், உங்கள் கார் நிற்கும். தோள் இறங்கும், கார் நகரும். கார்தான் தாளம் போடுகிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள்.

மேற்கு ராஜவீதி மூலையில் இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். நான் தண்ணீர்க் குடத்தோடு தயாராக இருந்தேன். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை! பதினெட்டு ரூபாய் ரேடியேட்டர், ஐயா!

தேரடிக்கு அருகில் ஒரு வெள்ளைக் காளை மிரண்டு குறுக்கே வந்ததே, நீங்கள் சட்டென்று நிறுத்தினீர்களே, அப்போது என் பக்கத்தில் நடந்துவந்த அப்பா மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. "நாப்பத்தெட்டு ரூபா வேலை செய்யுதுபா." முட்டுக்கட்டை என்ற சொல்லை இனி அவர் எடுக்க மாட்டார்.

சாம்பிராணிப் புகையில் ஒருவர்கூட இருமவில்லை. வண்டி தெய்வ வாசனையாக இருக்கிறது என்று ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பும்போது அம்மா தெருமுனையில் நின்று கை காட்டினாளே, அவள் வெகு நேரமாக அங்கேயே நின்றிருக்கிறாள். "சும்மா, வூட்டு வரைக்கும்" என்று ஏறிக்கொண்டாள். இறங்கும்போது இடது பின்கதவைத் தூக்கிச் சாத்தினாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை! இத்தனை நாளும் நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இன்று காலை காயலாங்கடைக்காரர் வந்தார். அம்மாதான் வாசலுக்குப் போனாள். "அது சம்பாதிக்கிற வண்டிபா. பித்தளைப் பாத்திரம் இருந்தா சொல்லியனுப்பறோம், போய்ட்டு வா" என்றாள். மாசிக்கு இரண்டு பேர் வெற்றிலை வைத்திருக்கிறார்கள். என் கணக்கில் இப்போது டிரைவருக்கு ஒரு வரி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முதல் வரி. அச்சு கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. புறப்படும்போது மீட்டர் 12,408. திரும்பியபோது 12,410. ஐந்து எண்ணும் மறுபடி ஒன்றாகப் பூஜ்யமாக இன்னும் 87,590 மைல் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மைல் என்றால் 43,795 கல்யாணம். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. அன்றைக்குச் சோடா நான் வாங்கித் தருகிறேன். அதுவரை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

அன்புள்ள,
ஏலவார்குழலி

*

(தபால் கார்டு)
சென்னை-2. 4-2-1964

குழலிக்கு, மாசி முகூர்த்தம் இரண்டுக்கும் தேதியை உடனே எழுது. கிளட்ச் பெடலை யாரும் தொடக் கூடாது. அச்சு பத்திரம் என்று எழுதியிருக்கிறாய். எந்த அச்சு? - அப்பாதுரை